பழைய மடிக்கணினியை விற்கும் முன் ஹார்ட் டிஸ்க்கைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரித் திறப்பை ஒட்டி மாணவர்களுக்கு மடிக்கணினி வாங்குவது பற்றித் தங்கள் நாளிதழில் சென்ற வாரம் வெளியான கட்டுரையைப் படித்தேன். எந்தப் பிராசஸர், எத்தனை ஜிபி ராம், எந்த அளவுத் திரை என்றெல்லாம் விரிவாகச் சொல்லிய அக்கட்டுரை, ஆறேழு ஆண்டுகள் ஆன மடிக்கணினி மெதுவாகத்தான் இயங்கும், அதை மாற்றிவிடுவதே நல்லது என்று ஒரே வரியில் கடந்து போய்விட்டது. அந்த ஒரு வரிதான் என்னை இக்கடிதத்தை எழுத வைத்தது. ‘ரொம்ப ஸ்லோ’ என்று ஒதுக்கப்படும் பழைய மடிக்கணினிகளில் பலவற்றுக்கு வேண்டியது, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் பொருத்தும் எஸ்எஸ்டி என்ற, சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும் ஒரே ஓர் உதிரிபாகம்தான் என்பதையும், வாடிக்கையாளர் தாமாகக் கேட்டாலொழியப் பல கடைகளில் அதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை என்பதையும் நான் சொந்த அனுபவத்தில் அறிந்தேன்.

என் மகள் 2014-ஆம் ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது, தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினி அவளுக்குக் கிடைத்தது. 2011 செப்டம்பரில் தொடங்கப்பட்ட அந்தத் திட்டத்தின் கீழ் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் படித்த பல லட்சம் பிள்ளைகளின் கைக்கு வந்த கணினிகளில் அதுவும் ஒன்று. விண்டோஸுடன், சென்னையில் ஒன்றிய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் அதில் இருந்தது. பொறியியல் படிப்பு முழுவதையும் அவள் அதிலேயே முடித்தாள். இடையில் ராமை மட்டும் 4 ஜிபி ஆக்கிக்கொண்டாள். வேலைக்குப் போன இடத்தில் அலுவலக மடிக்கணினி கொடுத்துவிட்டதால், பழையது என் மேசைக்கு வந்தது. வருமான வரி விவரம் தாக்கல் செய்வதற்கும், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான கணக்குப் பயிற்சித் தாள்களைத் தட்டச்சு செய்வதற்கும் எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

ஆனால், ஓராண்டுக்கு முன்பு அதன் போக்கு மாறியது. பொத்தானை அழுத்திவிட்டுக் கொல்லைப்புறம் போய், இரண்டு வாளி தண்ணீர் இறைத்துச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாலும், திரையில் அந்த வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். கணினி எழுந்து, நான் ஒரு கோப்பைத் திறக்கும் நிலைக்கு வர ஆறு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆனது. ஒரு கடைக்குக் கொண்டு போனேன். கடைக்காரர் மூடியைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், மதர்போர்டு பலவீனமாகிவிட்டது என்றும், பழையதை இரண்டாயிரத்துக்கு எடுத்துக்கொண்டு புதியது தருவதாகவும் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. புதியது விற்றால் அவருக்குக் கிடைக்கும் லாபம் வேறு, ஓர் உதிரிபாகத்தை மாற்றிக் கொடுத்தால் கிடைப்பது வேறு. ஆனாலும் பலவீனம் என்ற சொல்லை ஒரு சர்க்யூட் போர்டுக்கு எப்படிப் பொருத்துவது என்று எனக்கு விளங்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

விளங்க வைத்தவர் என்னிடம் கணக்குப் படித்த பழைய மாணவர் ஒருவர். தஞ்சாவூரில் கணினி பழுதுபார்க்கும் வேலை செய்பவர். பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தபோது வீட்டுக்கு வந்தார். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தி, எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டினார். “சார், சிபியு, அதான் பிராசஸர், பத்து சதவீதம்கூட ஓடல. டிஸ்க் நூறுலயே நிக்குது பாருங்க. மூளை சும்மா உக்காந்திருக்கு, கைதான் வரமாட்டேங்குது” என்றார். அந்த நூறு சதவீதம் சிவந்த கட்டத்தில் அசையாமல் நின்றதை நானே பார்த்தேன். தங்கள் வாசகர்கள் புதிய கணினி வாங்கக் கிளம்பும் முன், இந்த ஒரு சோதனையை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். அதற்கு ஒரு காசும் செலவில்லை.

ஏன் அப்படி நிற்கிறது என்பதைக் கணக்கு வாத்தியார் என்ற முறையில் நானே போட்டுப் பார்த்தேன். பழைய மடிக்கணினிகளில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்குக்குள் காந்தப் பூச்சு பூசிய தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்கிறது. அதாவது வினாடிக்கு 90 சுற்று, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லி வினாடி. வேண்டிய தகவல் இருக்கும் இடம் படிக்கும் முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும் என்பதால் அதற்கு ஐந்தரை மில்லி வினாடி. முனையைத் தாங்கும் கை சரியான தடத்துக்கு நகர்வதற்குச் சுமார் 12 மில்லி வினாடி. ஆக, எங்கோ ஓரிடத்தில் கிடக்கும் ஒரு சிறு துணுக்கை எடுத்துத் தர 17 அல்லது 18 மில்லி வினாடி ஆகிறது. இந்த வேகத்தில் வினாடிக்கு அறுபது துணுக்குகளைக்கூட எடுக்க முடியாது. கணினி விழித்தெழும்போது இப்படி இருபதாயிரம் துணுக்குகளைத் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், அதற்கே ஏறக்குறைய ஆறு நிமிடம் போய்விடும். அடுத்தடுத்து இருக்கும் தகவலை ஒரே மூச்சில் படித்துவிடும் வசதியும் டிஸ்க்குக்கு உண்டு என்பதால் இது துல்லியமான கணக்கு அல்ல. ஆனாலும் என் கடிகாரம் காட்டிய ஆறு நிமிடத்தோடு விடை ஒத்துப்போனதில் எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி.

எஸ்எஸ்டி எனப்படும் சேமிப்பகத்தில் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா என்ற ஜப்பானியப் பொறியாளர் 1980-களில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகத்தின் வழிவந்தது அது. சிலிக்கான் சில்லுகளில் மின்னூட்டமாகவே தகவல் தங்குகிறது. ஒரு துணுக்கை எடுக்க அதற்கு ஒரு மில்லி வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரமே போதும். அதே இருபதாயிரம் துணுக்குகளுக்கு இரண்டு வினாடி. கடைகளில் வினாடிக்கு 550 எம்பி, 3,500 எம்பி என்று அட்டையில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வேகத்தைப் பார்த்துத்தான் பலரும் வாங்குகிறார்கள். ஆனால் ஒரு முழுத் திரைப்படத்தைப் பிரதியெடுக்கும்போது மட்டுமே அந்த எண் நமக்கு உதவும். அன்றாட வேலையில் நாம் உணரும் வித்தியாசம், காத்திருக்கும் நேரம் பதினேழு மில்லி வினாடியிலிருந்து ஒரு மில்லி வினாடியில் பத்தில் ஒரு பங்காகக் குறைவதால்தான் ஏற்படுகிறது. ஆகவே பழைய கணினியில் டிஸ்க்கை மதர்போர்டோடு சேர்க்கும் சாட்டா இணைப்பு பாதி வேகத்துக்கே இடம் தரும் பழைய தலைமுறையைச் சேர்ந்தது என்று யாராவது பயமுறுத்தினாலும் தயங்க வேண்டியதில்லை.

மாற்றும் வேலையை என் மாணவர் என் கண் முன்னாலேயே செய்தார். பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, அடிப்புறத்தில் இருந்த ஒற்றை மூடியின் இரண்டு திருகுகளை நட்சத்திரத் திருப்புளியால் எடுத்தார். பத்து ஆண்டுத் தூசி மெல்லிய சாம்பல் துணிபோல மடிந்து வந்தது. உள்ளே, ஒரு சீட்டுக்கட்டைவிடச் சற்று அகலமான உலோகப் பெட்டி. அதன் பக்கவாட்டில் ஒட்டியிருந்த நாடாவைப் பிடித்துக் கிடையாக இழுத்ததும், இணைப்பிலிருந்து கழன்று வந்தது. மேல்நோக்கி நெம்பினால் இணைப்பின் மெல்லிய பிளாஸ்டிக் நாக்கு ஒடிந்துவிடும் என்று எச்சரித்தார். பழைய டிஸ்க்கின் தடிமன் ஒன்பதரை மில்லிமீட்டர், புதிய எஸ்எஸ்டி ஏழு மில்லிமீட்டர். அந்த இடைவெளியில் ஆட்டம் இல்லாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டினார். திருகுகளை முடுக்கும் வரை பதினைந்து நிமிடம்தான் ஆனது. 480 ஜிபி எஸ்எஸ்டிக்கு நான் கொடுத்தது 2,900 ரூபாய். எவ்வளவு சொல்லியும் கேட்காமல், கூலியாக ஒரு டம்ளர் காப்பியை மட்டுமே ஏற்றுக்கொண்டார்.

உண்மையில் நேரம் பிடித்தது, தகவலைப் பழையதிலிருந்து புதியதற்கு மாற்றுவதில். அதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. பழைய டிஸ்க்கை அச்சு அசலாகப் பிரதியெடுக்கும் குளோனிங் ஒன்று; அதற்கு யுஎஸ்பி-சாட்டா கேபிளும் குளோன்சில்லா போன்ற இலவச மென்பொருளும் போதும். எல்லாவற்றையும் புதிதாக நிறுவிவிட்டு, நம் கோப்புகளை மட்டும் எடுத்து வைத்துக்கொள்வது மற்றொன்று. நாங்கள் முதலாவதைத்தான் தொடங்கினோம். எழுபது சதவீதத்தைத் தாண்டியதும் பழைய டிஸ்க் ‘டிக், டிக்’ என்று தட்டத் தொடங்கிப் பிரதியெடுப்பு நின்றுபோனது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளால் அதன் உடல்நிலையைப் பார்த்தபோது, படிக்க முடியாத பகுதிகள் நூற்றுக்கு மேல் இருப்பது தெரிந்தது. வேகம் குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்றார் மாணவர். பழுதான இடத்தை மறுபடி மறுபடி படிக்க முயன்று டிஸ்க் தன் நேரத்தை இழந்துகொண்டிருந்திருக்கிறது. முதல் வேலையாகக் கோப்புகளை எடுக்காமல் குளோனிங்கைத் தொடங்கியது எங்கள் தவறு. நல்லவேளையாகப் பயிற்சித் தாள்கள் அனைத்தும் மீண்டன. மகளின் கல்லூரிக் காலப் புகைப்படங்களில் ஒரு கோப்புறை மட்டும் போய்விட்டது. அதை அவளிடம் சொன்ன அன்று இரவு வீட்டில் யாரும் அதிகம் பேசவில்லை.

புதிதாக நிறுவ நேர்ந்தபோது, விண்டோஸுக்கு மறுபடியும் பணம் கட்ட வேண்டுமோ என்று நான் அஞ்சினேன். விண்டோஸ் 10-இன் டிஜிட்டல் உரிமம் மதர்போர்டைச் சார்ந்தது. டிஸ்க்கை மாற்றுவதால் அது போய்விடுவதில்லை. இணையத்தோடு இணைத்ததும் தானாகவே செயல்பாட்டுக்கு வந்தது. இதைச் சொல்லாமல் ‘ஓஎஸ் போடும் செலவு’ என்று தனியாக ஒரு தொகை வாங்குவோர் இருக்கிறார்கள் என்பதால் குறிப்பிடுகிறேன். நிறுவித் தரும் உழைப்புக்குக் கூலி கேட்பது நியாயம், உரிமத்துக்கு என்று கேட்பது நியாயமல்ல. அண்மைக்கால மடிக்கணினிகளில் பிட்லாக்கர் என்ற பூட்டு தானாகவே இயங்கிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் டிஸ்க்கைத் தொடும் முன்பே அதன் மீட்பு எண்ணை எழுதி வைத்துக்கொள்வது அவசியம்.

இப்போது அந்தக் கணினி இருபத்தைந்து வினாடியில் எழுந்துவிடுகிறது. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையைத் தனியாக நினைவு வைத்துக்கொண்டு செய்ய வேண்டியிருக்கிறது என்பது மட்டுமே குறை.

வாங்கும்போது ஏமாறக்கூடிய இடங்களையும் சொல்லியாக வேண்டும். எல்லா எஸ்எஸ்டியும் எல்லாக் கணினிக்கும் பொருந்தாது. ஹார்ட் டிஸ்க் வடிவிலேயே வரும் இரண்டரை அங்குல சாட்டா வகை பழைய கணினிகளுக்கானது. சூயிங்கம் பட்டை போல நீளவாக்கில் வரும் எம்.2 வகையில்தான் குழப்பம். பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும் அப்பட்டைகளில் சில சாட்டா முறையிலும் சில என்விஎம்ஈ முறையிலும் இயங்குகின்றன. என் பக்கத்து வீட்டுப் பையன், வேகம் அதிகம் என்று என்விஎம்ஈ பட்டை ஒன்றை இணையத்தில் வாங்கிவிட்டான். அவனுடைய மடிக்கணினியின் துளையோ சாட்டாவை மட்டுமே ஏற்பது. பட்டை உள்ளே உட்கார்ந்தது, ஆனால் கணினிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. திருப்பி அனுப்பிப் பணம் வாங்குவதற்குள் மூன்று வாரம் ஓடியது. மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்த்த பிறகே பணம் கட்டுவது நல்லது. விலை மலிவான மெல்லிய மடிக்கணினிகள் சிலவற்றில் சேமிப்பகம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் மாற்றுவதற்கு வழியே இல்லை. புதிது வாங்குவோர் இந்த ஒரு கேள்வியையாவது கடையில் கேட்க வேண்டும் என்று தங்கள் கட்டுரையில் சேர்த்திருக்கலாம்.

போலிகள் வேறு உலவுகின்றன. ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குப் பதினாறு டெராபைட் (ஏறத்தாழ 16,000 ஜிபி) எஸ்எஸ்டி என்று இணையத்தில் விற்கப்படுவனவற்றுள் பலவற்றைத் திறந்து பார்த்தால், உள்ளே ஒரு சிறிய மெமரி கார்டுதான் ஒட்டியிருக்கும். அது கணினிக்குப் பொய்யான கொள்ளளவைச் சொல்லும்; நிரம்பிய பிறகு எழுதப்படுவதெல்லாம் பழையவற்றின் மேலேயே விழுந்து எல்லாம் பாழாகும். மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் குறிப்பிட்ட ரசீது இல்லாமல் எந்தக் கடையிலும் வாங்கக் கூடாது. மின்னணுச் சாமான் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்கே போனாலும் இதே விதிதான்.

எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ந்துவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதி அழிப்பதற்கு ஓர் எல்லை இருப்பது உண்மைதான். 240 ஜிபி அளவுள்ள சாதாரண எஸ்எஸ்டிகளுக்கே தயாரிப்பாளர்கள் 80 டெராபைட் எழுதும் வரை உத்தரவாதம் தருகிறார்கள். நாள் தவறாமல் 20 ஜிபி எழுதினாலும் அந்த எல்லையைத் தொட ஏறத்தாழ பதினோரு ஆண்டுகள் ஆகும். நான் எழுதுவது ஒரு ஜிபிகூடத் தேறாது. வேறு ஒரு குணம்தான் கவலைக்குரியது. ஹார்ட் டிஸ்க் சாகும் முன் பெரும்பாலும் தட்டிச் சத்தம் போட்டுச் சொல்லும். எஸ்எஸ்டி ஒரு நாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடக்கூடும். அழித்துவிட்ட கோப்பை அதிலிருந்து மீட்பதும் கடினம். மின்சாரம் கொடுக்காமல் ஆண்டுக்கணக்கில் பெட்டியில் வைத்திருந்தால் தகவல் கரையக்கூடும் என்பதால், குடும்பப் புகைப்படங்களைப் பூட்டி வைக்கும் இடமாகவும் அதைக் கருத முடியாது. வேறொரு டிஸ்க்கில் இன்னொரு பிரதி கட்டாயம் வேண்டும்.

எஸ்எஸ்டி போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் வாதாடவில்லை. 2 ஜிபி ராம் உள்ள கணினியில் இணைய உலாவியில் பத்துப் பக்கங்களைத் திறந்தால் அது திணறவே செய்யும். எஸ்எஸ்டி அந்தத் திணறலைக் குறைக்குமே தவிர, நீக்காது. காணொளித் தொகுப்பு போன்ற வேலைகளுக்குப் பிராசஸரே வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்குத் தேவையான டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் புதிய தலைமுறைப் பிராசஸரும் 2014-இல் வந்த கணினிகளில் கிடையாது. அதனால் என் கணினியில் இப்போது லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் ஓடுகிறது. தமிழ்த் தட்டச்சும், ஆவணங்கள் தயாரிக்க உதவும் லிப்ரே ஆபீஸும், உலாவியும் அதில் குறைவின்றி இயங்குகின்றன. அரசு கொடுத்தபோதே பாஸ் லினக்ஸைச் சேர்த்துத்தான் கொடுத்தது. நாம்தான் அந்தப் பக்கம் போகாமல் இருந்துவிட்டோம்.

கழற்றிய பழைய டிஸ்க்கைப் பற்றியும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. எங்கள் தெருவிலேயே ஒருவர் எஸ்எஸ்டி மாற்றிக்கொண்டு, பழையதைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தார். ஆதார், பான் அட்டைப் பிரதிகள், வங்கிக் கணக்கு அறிக்கைகள், மனைவியின் மருத்துவ அறிக்கைகள் எல்லாம் அதில் இருந்தன. கோப்புகளை அழித்துவிட்டேனே என்றார். ஹார்ட் டிஸ்க்கில் அழிப்பது என்பது பொருளடக்கத்திலிருந்து பெயரை அடிப்பது மட்டுமே; பக்கங்கள் அப்படியே கிடக்கும், மீட்கும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. மறுநாள் போய்க் கேட்டபோது, டிஸ்க்கை எங்கே வைத்தோம் என்று தெரியவில்லை என்று கடையில் கைவிரித்துவிட்டார்கள். நல்ல நிலையில் உள்ள பழைய டிஸ்க்கை முந்நூறு, நானூறு ரூபாய் விலையுள்ள உறையில் போட்டால் யுஎஸ்பி வழியாகப் பிரதி வைக்கும் டிஸ்க்காகப் பயன்படும். என்னுடையதைப் போலப் பழுதானது என்றால், தட்டுகளை உடைத்த பிறகு அங்கீகரிக்கப்பட்ட மின்கழிவுச் சேகரிப்பாளரிடம் கொடுக்கலாம். குப்பைத் தொட்டிக்கு அது போகக் கூடாது.

அரசு கொடுத்த மடிக்கணினிகளில் எத்தனையோ இன்று பரணில் கிடக்கின்றன. அவற்றுள் பலவற்றின் திரையும் விசைப்பலகையும் இன்னும் நன்றாகவே இருக்கும். ஒன்றிய நுகர்வோர் துறை 2022-ஆம் ஆண்டிலேயே பழுதுநீக்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. ஆனால் உரிமை என்ற சொல் கும்பகோணத்துக் கடைவீதிக்கு வந்து சேர, பழுது நீக்கத் தெரிந்த கைகளும் வேண்டும். நம் பாலிடெக்னிக் கல்லூரிகளிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் கணினி படிக்கும் மாணவர்கள், ஆண்டுக்கு ஒருமுறை தங்கள் ஊர் அரசுப் பள்ளியில் இரண்டு நாள் முகாம் நடத்தலாம். எஸ்எஸ்டியின் விலையை உரியவரே கொடுத்துவிடட்டும், கழற்றி மாட்டும் வேலையை மாணவர்கள் செய்யட்டும். ஒரு பிற்பகலில் பத்துக் கணினிகளை முடித்துவிடலாம் என்கிறார் என் மாணவர். முதலில் கோப்புகளை எடுத்து வைத்துவிட்டுத்தான் திருப்புளியைத் தொடவேண்டும் என்பது மட்டும் அவர் போடும் நிபந்தனை. அப்படி ஒரு முகாமை நடத்த எங்கள் ஊரில் எந்தக் கல்லூரி முன்வந்தாலும், அவரும் நானும் இரண்டு நாளும் வரத் தயாராக இருக்கிறோம். மூடியின் திருகுகள் தொலையாமல் எண்ணி வைக்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
கும்பகோணம்.